பிழை வந்தால் யாரிடம் போவது? மட்டக்களப்புக்கு வந்து சேரும் செய்திச் சேவைகள் பற்றிய மதிப்பீடு

பத்திரிகையின் உட்பக்கத்தில் ஆறு வரிச் செய்தி ஒன்று. தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘வாழைச்சேனை நிருபர்’ என்றிருக்கும். ஏறாவூரைச் சேர்ந்த 34 வயதுடைய ஒருவர், இன்ன தொழில் செய்பவர், சந்தேகத்தின் பேரில் கைது. கடைசி வரி நம் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்.’ விசாரணை முடிந்து நீதவான் அந்த மனிதரை விடுதலை செய்தால் அது எந்தப் பக்கத்தில் வரும்? பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் வராது. பெயர் போடவில்லையே என்று பதில் சொல்வார்கள். ஊரும் வயதும் தொழிலும் போட்டாயிற்று, ஏறாவூரில் அதற்குமேல் பெயர் எதற்கு?

குளிரூட்டி வாங்கும்போது உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்குகிறோம். செய்திக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு, ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அந்த அட்டையைப் பற்றியது. பிழை விட்டால் யார் பதில் சொல்வது, எத்தனை நாளில், எந்த இடத்தில் என்பதே இங்கே அளவுகோல். வேகம், வண்ணம், அச்சுத்தரம் எல்லாம் அதற்குப் பிறகு.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு வீட்டுக்கு ஒரே நாளில் நாலைந்து நாட்டுச் செய்தி வந்து சேர்கிறது. காலையில் கொழும்புப் பத்திரிகை, சமையலறையில் தனியார் எஃப்.எம்., இரவில் சென்னைத் தொலைக்காட்சி, இடையில் பிபிசி தமிழ், கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் இணைப்பு, பாரிஸிலிருந்து மச்சான் அனுப்பும் குரல்பதிவு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்குள், ஒவ்வொரு தொழில் வழக்கத்தில் உருவானது. அந்த வழக்கம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தால் கணக்குப் பிழைக்கும்.

கொழும்பு நாளிதழ்கள்

வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல், தினக்குரல் 1997இல். கடையில் மூன்றும் பக்கத்தில் பக்கமாகத் தொங்கினாலும் உடைமை ஒன்றல்ல. தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதத்தை 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. அதன்பின் ஆட்சி மாறினால் அங்கே தலைமையும் மாறுவதே வழக்கம். ஆகவே சுற்றறிக்கை, கேள்விப்பத்திரம், அரச பதவி வெற்றிடம், நலத்திட்ட விதிமுறை போன்றவற்றுக்குத் தினகரனைப் பார்க்கலாம், அது அங்கே முழுமையாக இருக்கும். அதே திட்டம் படுவான்கரையில் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்குத் தனியார் பத்திரிகையைப் புரட்ட வேண்டும்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவோடு இரவாக வந்து சேர வேண்டிய பிரதிக்குப் பக்கங்கள் முன்கூட்டியே முடிக்கப்படும். இரவு நடந்த ஆட்டத்தின் முடிவோ, பின்னிரவில் மாறிய வெள்ள எச்சரிக்கையோ நமது கைக்கு வரும் பிரதியில் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஜப்பானிய நாளிதழ்களில் பக்கத்தின் மேல் ஓரத்தில் அது எத்தனையாவது பதிப்பு என்ற எண் அச்சாகியிருக்கும். 14 என்று இருந்தால் நகரத்துக்கான கடைசிப் பதிப்பு. தன் கையில் இருப்பது எவ்வளவு புதிது என்று வாசகருக்கு அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். இலகுவான காரியம், செலவும் இல்லை. நமது பத்திரிகைகளும் ‘இரவு 8 மணிக்கு முடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டால் காலைத் தேநீர்க்கடைத் தர்க்கங்களில் பாதி குறையும்.

அடுத்தது அந்த அடைப்புக்குறி. ஊர் நிருபர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் இல்லை. வெளிவந்த செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பனவு. எனவே ஒரே நிருபர் ஒரே செய்தியை இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புவது சாதாரணம். இதிலிருந்து வாசகர் எடுக்க வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு செய்தி மூன்று பத்திரிகையில் வந்ததென்று நம்பும் முன் மூன்றிலும் இரண்டாவது வாக்கியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் அது மூன்று சாட்சி அல்ல, ஒரே சாட்சிதான். மட்டக்களப்பு பொது நூலகத்துப் பத்திரிகை மேசையில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

ஊர் நிருபரை இதற்காகக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று இந்த மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த, ‘தராகி’ என்ற புனைபெயரில் எழுதிய பத்திரிகையாளர் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் தொழில் பழகியவர்கள் ஒருவரின் கூற்றை எடுத்து ‘தெரிவித்தார்’ என்று முடிப்பதோடு நின்றுகொள்ளப் பழகினார்கள். உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. ஆனால் இன்று பிரதேச செயலக வீதியின் தார்க்கணக்கைப் பற்றி எழுதும்போதும் அதே பழக்கம் தொடர்வது வாசகருக்கு நட்டம்.

வினைமுற்றைப் பாருங்கள்

நமது பத்திரிகைத் தமிழில் ஒரு செய்தியின் எடை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ‘மாவட்ட அரசாங்க அதிபர் தெரிவித்தார்’ என்றால் பொறுப்பாளி இருக்கிறார். ‘பொலிஸார் தெரிவித்தனர்’ என்றால் நிலையம் தெரியும், ஆள் தெரியாது. ‘தெரியவருகின்றது’, ‘அறிய முடிகின்றது’, ‘கூறப்படுகின்றது’ ஆகிய மூன்றுக்கும் எழுவாயே கிடையாது. யாருக்குத் தெரியவருகிறது, யார் கூறுகிறார்? ஒரு செய்தியில் இந்த மூன்றாம் வகை முற்றுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அதை இன்னொருவருக்கு அனுப்பாமல் விடுவது நல்லது.

ஜேர்மன் மொழிப் பத்திரிகைகளில் இந்தச் சிக்கலை இலக்கணமே தீர்த்து வைக்கிறது. பிறர் சொன்னதை எழுதும்போது வினையின் வடிவம் மாறும். முழுப் பந்தியும் அந்த வடிவத்தில் ஓடும், இது அவர் கூற்று, எங்கள் கூற்று அல்ல என்று ஒவ்வொரு வினையும் காட்டிக்கொண்டே போகும். உறுதிப்படாத தகவலுக்குப் பிரெஞ்சுப் பத்திரிகைகளும் வேறொரு வினைவடிவம் வைத்திருக்கின்றன. பாரிஸ் மச்சான் ‘இப்படி நடந்திருக்கு’ என்று குரல்பதிவில் சொல்வது சில வேளை ‘இப்படி நடந்திருக்கக்கூடும்’ என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் தேய்ந்த வடிவமாக இருக்கும். தமிழிலும் இதற்குக் கருவி இருக்கிறது. ‘வந்தாராம்’ என்பதில் உள்ள அந்த ‘ஆம்’ அழகான கருவி. ஏனோ அதைப் பேச்சுவழக்கு என்று பத்திரிகைகள் ஒதுக்கி வைத்துவிட்டு, யாருமே சொல்லாத ‘கூறப்படுகின்றது’வைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

வெள்ள நாட்களில்

ஒரு சேவையின் தரத்தைப் பரீட்சிக்க மார்கழி மழையை விடச் சிறந்த வேளை இல்லை. நல்ல வெள்ளச் செய்தியில் நான்கு விடயம் இருக்க வேண்டும். எந்தக் குளம் (உன்னிச்சையா, நவகிரியா, சேனநாயக்க சமுத்திரமா), எத்தனை வான்கதவு, எத்தனை அங்குலம் அல்லது அடி, எத்தனை மணிக்கு. ‘உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறப்பு, மக்கள் அவதானம்’ என்பதோடு நிற்கும் செய்தியால் வவுணதீவில் இருப்பவர் மாட்டை அவிழ்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்க முடியாது. நேரம் போடாத செய்தி மிக ஆபத்தானது. முகநூலில் முந்தைய ஆண்டுப் படம் புதிதுபோலச் சுற்றுவதும் இதனால்தான். படத்தின் கீழே திகதி இல்லை என்றால் 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்டுவிட்டு நம்பலாம்.

இறந்தோர் எண்ணிக்கைக்கும் இது பொருந்தும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது உடல்கள் நாள்கணக்கில் மீட்கப்பட்டன. அப்படியான வேளையில் எண் மாறுவது பிழை அல்ல. ‘இத்தனை மணி வரை மீட்கப்பட்டவை இத்தனை, தேடப்படுவோர் இத்தனை’ என்று இரண்டு எண்ணையும் பிரித்துப் போடாததுதான் பிழை. இரண்டையும் கூட்டி ‘பலி’ என்று தலைப்பிட்ட இணையதளத்தை, எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு தாய் வாசிப்பார் என்பதை நினைக்க வேண்டும்.

நமது உத்தரவாத அட்டை

இலங்கையில் அச்சுப் பத்திரிகைக்கு எதிராக முறையிட இரண்டு வாசல். ஒன்று 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பத்திரிகைப் பேரவை. உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. திருத்தம் வெளியிடவும் மன்னிப்புக் கேட்கவும் அதனால் உத்தரவிட முடியும். சில காலம் செயலிழந்து கிடந்து 2009இல் மீண்டும் இயக்கப்பட்டது. அரசாங்கத்தின் கை அதில் இருப்பதால் ஊடக அமைப்புகள் அதை விரும்புவதில்லை. மற்றது 2003இல் பத்திரிகைத் துறை தானே அமைத்துக்கொண்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக்கோவையை வைத்து இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்ப்பதே அதன் வழி. சாதாரண வாசகர் முதலில் தட்ட வேண்டியது இரண்டாவது வாசலைத்தான் என்பது என் கணிப்பு. வழக்கறிஞர் தேவையில்லை, பகையும் வளராது. அவதூறு குற்றமாக இருந்த சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அவதூறுக்கு இருப்பது சிவில் வழக்கு மட்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வானொலியும் தொலைக்காட்சியும் என்றால் நிலைமை மோசம். ஒலிபரப்புக்கென ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டமூலம் 1997இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அலைவரிசை மக்களின் சொத்து, அதைக் கண்காணிக்கும் சபை அரசாங்கத்திடமிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும், இந்தச் சபை அப்படியில்லை என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அதன்பின் சுதந்திரமான ஒரு சபையை எந்த அரசாங்கமும் கொண்டுவரவில்லை. காலையில் எஃப்.எம். செய்தியில் ஒருவரைத் தவறாகக் குறிப்பிட்டால் நிலையத்துக்கே எழுத வேண்டும், அதற்கு மேல் தட்டுவதற்குச் சுதந்திரமான கதவு இல்லை. பதிவு இல்லாமல் போனால் அதுவும் கடினம். கேட்டவுடன் நிலையத்தின் பெயர், திகதி, நேரம், வாசித்த வாக்கியம் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நிலையங்கள் செய்தி அறிக்கையை முகநூலிலோ யூடியூபிலோ போடுகின்றன, அது நீக்கப்படும் முன் இணைப்பைச் சேமித்துவிடுங்கள்.

சென்னை அலைவரிசைகள்

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கும்போது உரிமையாளர் யார் என்பதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும். அங்கே கட்சிக்கும் அலைவரிசைக்கும் உள்ள உறவு ஒளிவு மறைவானதல்ல. ஜெயா, கலைஞர் என்று பெயரிலேயே இருக்கிறது, பார்ப்பவர்களும் தெரிந்தே பார்க்கிறார்கள். இத்தாலி, ஸ்பெயின் போன்ற தென் ஐரோப்பிய நாடுகளிலும் பத்திரிகைகள் கட்சிச் சாய்வோடு வளர்ந்த வரலாறு உண்டு. சாய்வு வெளிப்படையாக இருந்தால் இரண்டைப் பார்த்து நடுவைக் கணிக்கலாம். ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு அது வாய்க்காது.

நம்மவர்கள் பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று: இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அரச வானொலியான ஆகாஷவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். இலங்கையில் தனியார் எஃப்.எம்.தான் ஓட்டோக்காரரின் செய்தித்தாள். இந்த ஒரு விடயத்தில் நமது வழி மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒரே சம்பவத்தை இரு கரையும் எப்படி எழுதுகின்றன என்பதற்கு மீனவர் செய்தியே போதும். இங்கே ‘இலங்கைக் கடற்பரப்பில் அத்துமீறி மீன்பிடித்த இந்திய மீனவர்கள் கைது’, அங்கே ‘தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு’. படகு எங்கே நின்றது என்ற ஆயத்தொலைவு இரண்டிலும் பெரும்பாலும் இராது. கைது, சிறைபிடிப்பு என்ற இரண்டு சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இழுவைமடிப் படகா, எத்தனை கடல்மைல் உள்ளே, கடற்படையைத் தவிர யார் உறுதிப்படுத்தினார்கள் என்று தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் இரண்டையும் அரைச் செய்தியாகவே எண்ணிக்கொள்ளலாம்.

அங்கே முறையிடும் வழி: அச்சுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், தண்டம் போட முடியாது. தொலைக்காட்சிக்குத் துறையே அமைத்த ஒரு சபை இருக்கிறது, ஆனால் அது உறுப்பினராக உள்ள அலைவரிசைகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

பிபிசி தமிழ்

1941 மே மாதம் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பின் வானொலிப் பகுதி 2017 ஏப்ரலில் நின்றது. சிற்றலையில் தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய இழப்பு. இப்போது இருப்பது இணையம், யூடியூப். இந்தியாவின் அந்நிய முதலீட்டு விதி இணையச் செய்தி நிறுவனங்களில் வெளிநாட்டுப் பங்கை 26 வீதத்துக்குள் கட்டுப்படுத்துவதால், 2024 ஏப்ரல் முதல் பிபிசிக்கான தமிழ் உள்ளடக்கத்தை கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம் தயாரிக்கிறது. லண்டன் முத்திரை, இந்தியத் தயாரிப்பு. தெரிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

தரத்தில் இது முன்னணியில் நிற்பதற்குக் காரணம் எழுதப்பட்ட விதிப்புத்தகம். ஒற்றை மூலத்தை நம்பி எழுதத் தயங்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்க வேண்டும் என்பவை அங்கே கடமை. கட்டுரையின் கீழ்ப் பகுதியில் ‘அவரைத் தொடர்புகொள்ள முயன்றோம், பதில் கிடைக்கவில்லை’ என்று வரும் பந்தி அலங்காரத்துக்கு வருவதல்ல. முறைப்பாடு என்றால் வெளிவந்து 30 வேலைநாளுக்குள் அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. குறை என்றால் ஒன்றுதான், கிழக்குச் செய்தி மிகக் குறைவு. பொத்துவில் காணிப் பிரச்சினைக்கோ வாகரை இறால் பண்ணைக்கோ இதை நம்பியிருக்க முடியாது.

பிரித்தானிய அச்சுப் பத்திரிகைகளை பிபிசியோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஒலிபரப்புக்கு நடுநிலை சட்டக் கடமை, பத்திரிகைக்கு அப்படி ஒன்றும் இல்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்டல் விவகாரத்தில் நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் 2011 ஜூலையில் மூடப்பட்டதும், அதன்பின் 2014இல் இப்சோ என்ற முறைப்பாட்டு அமைப்பு வந்ததும் அந்த நாட்டிலேயே நடந்தவைதான். ‘லண்டன் பத்திரிகையில் வந்தது’ என்று மட்டும் யாராவது சொன்னால் எந்தப் பத்திரிகை என்று கேளுங்கள்.

வளைகுடா

கட்டார், குவைத், சவூதி, டுபாய் என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம். வளைகுடாப் பத்திரிகைகளின் விபத்துச் செய்தியில் ‘ஆசிய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார்’ என்றே பெரும்பாலும் இருக்கும். இலங்கையரா, இந்தியரா, நேபாளியா என்று இராது. நிறுவனத்தின் பெயரும் இராது. அது நிருபரின் கவனக்குறைவு அல்ல, அங்குள்ள பத்திரிகை வழக்கம் அப்படி. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஊரில் இது இன்னாருடைய மகன் என்று வட்ஸ்அப்பில் முடிவு கட்டுவதால் எத்தனையோ வீடுகளில் வீண் ஒப்பாரி எழுந்திருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கம், அந்த நாட்டுத் தூதரகம், முகவர் மூன்றிலும் கடவுச்சீட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேட்பதே வழி.

1996இல் தொடங்கிய அல் ஜசீரா கட்டார் அரசின் பணத்தில் இயங்குவது. காஸா, சூடான், சிரியா பற்றிக் களத்திலிருந்து தருவதில் அதற்கு நிகர் குறைவு. கட்டாரின் உள்விவகாரத்துக்கு மட்டும் வேறிடம் பார்க்க வேண்டும். பணம் போடுபவரைப் பற்றி எழுதும் துணிவு எங்கும் அரிது, நமது லேக் ஹவுஸ் கணக்கும் இதேதான்.

மறுப்பை அதே இடத்தில் போடும் நாடுகள்

உத்தரவாத அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஐரோப்பாவைப் பார்க்கலாம். பிரான்ஸின் 1881 ஜூலை 29ஆம் திகதிப் பத்திரிகைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. நாளிதழில் பெயர் குறிப்பிடப்பட்ட எவரும் பதில் எழுதி அனுப்பலாம். கிடைத்த மூன்று நாளுக்குள் அதே இடத்தில், அதே எழுத்தில் அச்சிட வேண்டும். நீளம் மூலக் கட்டுரையின் அளவு. கட்டுரை எவ்வளவு சிறியதானாலும் 50 வரி வரை எழுதலாம், எவ்வளவு பெரியதானாலும் 200 வரிக்கு மேல் இல்லை. கேட்பதற்கு மூன்று மாத அவகாசம். ஜேர்மனியிலும் இதே உரிமை உண்டு, ஆனால் விபரப் பிழைக்கு மட்டும், அபிப்பிராயத்துக்கு இல்லை. இரண்டிலும் ஒரு பலவீனம்: அச்சாவது பாதிக்கப்பட்டவரின் கூற்று, உண்மை என்று யாரும் சான்று தருவதில்லை. பத்திரிகை ‘நாங்கள் தவறிவிட்டோம்’ என்று சொன்னதாகாது.

நோர்வேயின் ஒழுக்கக்கோவை இன்னும் ஒரு படி முன்னே போகிறது. கடுமையான குற்றச்சாட்டு என்றால், இயன்றவரை அதே செய்தியில், அதே வேளையில் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். நாளைக்கு மறுப்புப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நமது ஊர்ச் செய்தியில் ஒரு அதிபர் மீதோ, கூட்டுறவுச் சங்கத் தலைவர் மீதோ பெற்றோர் குற்றம் சாட்டியதாக வரும்போது, அந்த அதிபரின் இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது மறுநாள் வேறொரு பத்திரிகையில் இருக்கும். இந்த ஒரு விதியை மட்டும் நமது ஆசிரியபீடங்கள் எடுத்துக்கொண்டாலே போதும். ஒரு தொலைபேசி அழைப்புத்தான் செலவு.

சுவீடனில் 1766 முதல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பு வெளியீட்டாளர் இருக்க வேண்டும், சட்டத்தின் முன் அவரே பதில் சொல்வார், நிருபர் அல்ல. செய்தி தந்தவர் யார் என்று அரச அதிகாரி தேடுவதே குற்றம். சாதாரணக் குற்றச்செய்திகளில் தீர்ப்புக்கு முன் சந்தேக நபரின் பெயரைப் போடாமல் விடுவது வழக்கம். ஜேர்மனியில் முதற்பெயரும் ஓர் எழுத்தும் போடுவார்கள். ஜப்பானில் பெயரோடு ‘சந்தேக நபர்’ என்ற ஒட்டுச்சொல்லை 1989 அளவில் சேர்க்கத் தொடங்கினார்கள், அதற்கு முன் வெறும் பெயர்தான். ஏறாவூர் மனிதரின் வயதையும் தொழிலையும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது புரியும்.

அமெரிக்கா நேரெதிர். மறுப்பை அச்சிடும்படி பத்திரிகையைக் கட்டாயப்படுத்தும் புளோரிடாச் சட்டத்தை 1974இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரிய பத்திரிகைகளின் திருத்தப் பத்தி அவர்களே ஏற்றுக்கொண்ட மரியாதை, சட்டம் அல்ல.

அதிகாரபூர்வம் என்ற சொல்

2019 ஏப்ரல் 21 சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை இந்த நகரம் மறக்காது. அந்த வாரத்தில் பொலிஸார் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில் ஒன்று, சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியுடையது. பொலிஸார் பின்னர் தவறை ஏற்றார்கள். ஆனால் அதற்குள் படம் உலகம் முழுவதும் போய்விட்டது. ‘பொலிஸார் வெளியிட்டார்கள்’ என்பது பொறுப்பு யாருடையது என்று காட்டுமே தவிர, உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது.

முறைப்பாடு எழுதும் முறை

நிருபருக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடிப்பதால் பயன் இல்லை. அவரால் பக்கத்தை மாற்ற முடியாது, தலைப்பு அவர் வைத்ததும் அல்ல. கடிதம் ஆசிரியருக்குப் போக வேண்டும். பத்திரிகைப் பெயர், திகதி, பக்கம், தலைப்பு. பிழையான வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும். அதன் கீழ் சரியான தகவல், அதற்கான ஆவணம் (நீதிமன்றக் கட்டளையின் பிரதி, கிராம உத்தியோகத்தர் கடிதம், எதுவாயினும்). கடைசியாக, எந்தப் பக்கத்தில் என்ன வாசகத்தில் திருத்தம் வேண்டும் என்று நீங்களே இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். ‘உங்கள் செய்தி முழுப்பொய், சமூகத்தை இழிவுபடுத்துகிறது’ என்று மூன்று பக்கம் எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். ஏனென்றால் எதைத் திருத்துவது என்று அதில் இல்லை. இணையப் பதிப்பையும் தனியாகக் குறிப்பிடுங்கள். அச்சில் திருத்தம் வந்தபின்னும் பழைய இணைப்பு அப்படியே கிடந்து, பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிவந்திருந்தால் கடிதத்தோடு நிற்க வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி அது குற்றம், பொலிஸில் முறையிடலாம்.

திணைக்களம் சார்ந்த செய்தியில் சந்தேகம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலும் இருக்கிறது, அது நிருபருக்கு மட்டும் உரியதல்ல. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதற்கும் மேல் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ‘வீதி ஏன் முடியவில்லை’ என்று கேட்டால் விளக்கம் வரும். ‘ஒப்பந்தப் பத்திரத்தின் பிரதி, இதுவரை செலுத்திய தொகை’ என்று கேட்டால் ஆவணம் வரும்.

எதை எடுக்கலாம்

ஒரு தனியார் நாளிதழ், ஞாயிறு மட்டுமானாலும் போதும். அரச அறிவித்தலுக்கு வாரம் ஒருமுறை நூலகத்தில் தினகரன். காலையில் ஒரு எஃப்.எம். உலகச் செய்திக்கு பிபிசி தமிழ். சென்னை அலைவரிசை பார்ப்பதென்றால் எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு. ஆசிரியர் பெயரும் முகவரியும் எங்கும் காணாத ஊர் இணையதளத்தை எதற்கும் வேண்டாம் என்பேன், அது எவ்வளவு விரைவாகப் படம் போட்டாலும் சரி. பக்கத்தின் அடியில் ‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். மனிதர் பெயர் இருந்தால் பரவாயில்லை, வெறும் படிவம் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெட்டியெடுத்த செய்தித் துண்டின் ஓரத்தில் திகதியையும் பக்க எண்ணையும் பேனாவால் எழுதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டை அதன் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகும்போது அந்த இரண்டும் கையில் இருக்கட்டும்.